அபுதாபி மைதானத்தில் எதிரணி ஆள்

ஷார்ஜாவுக்கு நான் போனது மீரானைப் பார்க்க. மீரானின் மனைவி ரஹ்மத் என்னிடம் சொல்லி அனுப்பியது, அவனைக் கையோடு கூட்டிவர. இரண்டுக்கும் நடுவே அமீரகத்தின் தேசியக் கால்பந்து அணி நின்றுகொண்டிருந்தது.

மீரானும் நானும் ஆறுமுகநேரிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் காயல்பட்டினத்துக்காரன். அந்த ஊரில் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்வதே பந்தை உதைப்பதற்காகத்தான். நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகக் காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றேன். அவன் இளவயதிலேயே கப்பல் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போய், பலர் கடையில் நின்று, கடைசியில் ஷார்ஜா ரோலாவில் சொந்தமாகத் துணிக்கடை வைத்தான். "சும்மாதான இருக்க, ஒரு தடவ வந்துட்டுப் போல" என்று விசா எடுத்து அனுப்பியிருந்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ரஹ்மத் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு டப்பா தம்மடை, அதாவது ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் சுடும் அவர்கள் ஊர்ப் பலகாரம். கூடவே ஒரு பொட்டலம் மாசிக்கருவாடு. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, சபியாவுக்கு மாப்புள அமைஞ்சிருக்கு. பையனுக்கு குவைத்துல வேல, ஃபஹாஹீல்ல. பொண்ணோட வாப்பா நேர்ல வந்து உக்காந்தாத்தான் நாள் குறிப்போம்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா, மொதல்ல வளைகுடாக் கோப்பை முடியட்டும்னாங்க. அப்புறம் ரமலான் யாவாரம்னாங்க. இப்ப ஓமன்கூட ஏதோ தகுதிச் சுத்தாம். தோத்தா மறுவாரமே வாறேன், ஜெயிச்சா அடுத்த மேட்சும் முடியணும்ங்குறாங்க."

"அப்ப தோத்துட்டா போதும்ல?"

"தோக்கணும்னு துஆ கேக்க எனக்கு வாய் வரல அண்ணே. அந்த மனுசன் மூஞ்சி தொங்கிப் போயிரும். நீங்க எப்புடியாவது கூட்டிட்டு வந்துருங்க."

எனக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. விமானம் மேலே எழும்பும்போதே கண்ணை மூடி, அமீரகம் தோற்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனிடம் விண்ணப்பித்துவிட்டேன்.

ஷார்ஜா விமான நிலையத்தில் மாசி மாட்டிக்கொண்டது. அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினார். டக், டக் என்று கேட்டது. "இது என்ன மரம்?" என்றார். "மீன்" என்றேன். நம்பவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தட்டினார். கடைசியில் அந்தப் பக்கம் வந்த மலையாளி ஊழியர் ஒருவர் முகர்ந்து பார்த்து, கண்ணில் நீர் துளிர்க்க, அரபியில் ஏதோ நீளமாகச் சொன்னார். என்ன சொன்னாரோ, இரண்டு அதிகாரிகளும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள்.

ரோலாவைப் பார்த்ததும் எனக்கு வெளிநாடு வந்த உணர்வே போய்விட்டது. திருநெல்வேலி ஜங்ஷனை எடுத்து, தரையைக் கழுவி, பெயர்ப்பலகைகளில் அரபி எழுதி வைத்தது போல இருந்தது. பணம் அனுப்பும் கடைகள், மலிவுச் சட்டைகள், துபாய் பஸ்ஸுக்கு வளைந்து வளைந்து நிற்கும் வரிசை. வரிசை என்றால் நிஜமாகவே வரிசை. யாரும் ஜன்னல் வழியாகத் துண்டு போடவில்லை. அந்த ஒன்றுதான் இது நம் ஊர் இல்லை என்று காட்டிக்கொடுத்தது.

மீரானின் கடையில் வழக்கமாகப் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தும் இடத்தில், அமீரக அணியின் வெள்ளைச் சட்டை போட்ட பொம்மை நின்றது. என்னைக் கட்டிப்பிடித்தான். தம்மடை டப்பாவை வாங்கி முகர்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ரஹ்மத் சொல்லி விட்டுருப்பாளே. வெள்ளிக்கிழம மேட்ச் இருக்கு. அதுக்கப்புறம் பேசு" என்றான்.

"பொண்ணு கல்யாணம்ல மீரானு."

"நான் மாட்டேன்னா சொல்லுதேன்? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேசுங்கேன்."

மறுநாள் முழுவதும் முயன்றேன். புரோட்டாவைப் பிய்த்துப்போட்டுக்கொண்டே முயன்றேன். கடலோரம் நடக்கும்போது முயன்றேன். அவன் ஒவ்வொன்றுக்கும் ஓமன் அணியின் தடுப்பு ஆட்டக்காரர்களைப் பற்றிப் பதில் சொன்னான். இருபது பெட்டி நிறைய டிக்கெட் இல்லாத பயணிகளை ஒரே ஆளாகச் சமாளித்த எனக்கு, மீரான் ஒருவனைச் சமாளிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அபுதாபிக்குக் கிளம்பினோம். நகருக்குள் நுழையும் முன்பே தேசிய மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனான். வரிசை வரிசையாக வளைவுகள் நிற்கும் பெரிய வெள்ளைக் கட்டடம். உள்ளே விட இன்னும் நேரம் இருந்ததால் வெளியிலேயே சுற்றினோம். பிராகாரம் சுற்றுவது போலத்தான் இருந்தது. நான் செருப்பைக் கழற்றாததுதான் குறை.

"நாடு பொறந்து பத்து வருசம் ஆகுறதுக்குள்ள கட்டிட்டானுவ. அப்ப இங்கன சுத்திலும் மணலுதான்" என்று ஆரம்பித்தான். "ஆசியக் கோப்பை ஃபைனல் இங்கதான். சவூதியோட. பெனால்டியில போச்சு. நான் அந்தா அந்தப் பக்கத்து மாடியில இருந்தேன். பக்கத்துல ஒரு அரபி தலையில கட்டுன துணிய எடுத்துக் கண்ணத் தொடச்சான். தொடச்சுட்டு எங்கிட்ட நீட்டுனான், நானும் தொடச்சேன்."

இன்னும் கொஞ்சம் நடந்ததும் குரலில் தெம்பு வந்தது. வளைகுடாக் கோப்பையை இதே மைதானத்தில், இதே ஓமனைத் தோற்கடித்து வாங்கினார்களாம். பிறகு ஒரு வருடம் ஓமன் குவைத்தில் வைத்துப் பெனால்டியில் கணக்கைத் தீர்த்துக்கொண்டதாம். "அதான்ல இன்னைக்கு முக்கியம்" என்றான்.

"இங்க பந்து மட்டுந்தானா?"

"போப்பாண்டவர் வந்து பூசை வச்சது இங்கதான். கன்னியாரி பக்கத்துப் பயலுவ கேம்ப்லேருந்து பஸ் பஸ்ஸா வந்தானுவ. எங்கூட ரூம்ல இருந்த அந்தோணிகிட்ட, நான் எப்பவும் இருக்குற எடத்தச் சொல்லி அங்க போயி உக்காரு, நல்லாத் தெரியும்னு அனுப்புனேன். அவன் எங்கயோ போயி உக்காந்துட்டான். சொன்னாக் கேக்க மாட்டான்."

"இந்தியா இங்க ஆடுனா யாருக்குல கை தட்டுவ?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆடுனாங்கல்ல. உள்ளுக்குள்ள இந்தியா பனியன், மேல இவங்க சட்டை. நம்ம பயலுவ கம்பத்துல அடிச்சானுவ, உள்ள போகல. இவங்க ஜெயிச்சப்போ மேல் சட்டை சந்தோசமா இருந்துச்சு."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வளைவு ஒன்றின் நிழலில் நின்றுகொண்டான்.

"நான் வந்த புதுசுல, எங்க போனாலும் நீ யாரு, எந்த ஊரு, ஒன்னக் கூட்டிவந்து பொறுப்பேத்துக்கிட்ட கஃபீல் யாருன்னுதாம்ல கேப்பான். ஒரு வெள்ளிக்கிழமை இங்க வந்து உக்காந்தேன். கோல் விழுந்துச்சு. பக்கத்துல இருந்தவன் ஒன்னும் கேக்கல. அப்படியே கட்டிப் புடிச்சான். இந்த நாட்டுல என்னைய மொதல்ல கட்டிப் புடிச்ச எடம் இதுதான்."

முருகனிடம் வைத்த விண்ணப்பம் நெஞ்சில் லேசாகக் குத்தியது.

மீரான் இங்குள்ள ரசிகர் கூட்டத்தில் கொட்டடிக்கும் ஆள். அவர்கள் முன்கூட்டியே கூட வேண்டும் என்பதால், என்னை நகருக்குள் ஒரு காயல்பட்டினத்துச் சாப்பாட்டுக் கடையில் இறக்கிவிட்டான். "சாப்பிட்டு ஓய்வெடு. எதுத்தாப்புல பார்க்கிங்குக்கு எங்க ஆளுங்க பஸ் வரும். சிவப்பு, பச்ச, வெள்ளைல கொடி கட்டிருக்கும். ஏறிக்கோ. டிக்கெட் எங்கிட்ட இருக்கு, கேட்டுல நிக்கேன்" என்றான்.

களறிக்கறியும் நெய்ச்சோறும் போட்டார்கள். சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கொட்டுச் சத்தத்தில்தான் விழித்தேன். எதிரே பஸ் நின்றது. சிவப்பு, பச்சை, வெள்ளை, எல்லாம் சரியாக இருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் பூவேலை செய்த வட்டத் தொப்பி வைத்திருந்தார்கள். அவை காயல்பட்டினத்துத் தெருவில் பார்த்த தொப்பிகளின் பணக்கார உறவினர்கள் மாதிரி இருந்தன. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பெயர் கல்ஃபான். எனக்கு ரயில்வே ஹிந்தி தெரியும், அவருக்குக் கடைத்தெரு ஹிந்தி தெரியும். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

"இந்தியாவா? எங்கள் அணிக்காகவா வந்தாய்?" என்றார்.

"ஆமாம்."

பஸ் முழுவதற்கும் அதை அறிவித்தார். கை தட்டினார்கள். ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார், இன்னொருவர் கையில் ஒரு கொடியைக் கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. என் காதில் அது "உமா... உமா..." என்று விழுந்தது. என் மனைவியின் பெயர் அதுதான். இத்தனை பேர் உருகி உருகிக் கூப்பிடுவதைக் கேட்டால் அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு நானும் பாடினேன்.

கல்ஃபான் ஒரு கிண்ணத்தைத் திறந்தார். அல்வா. குங்குமப்பூவும் பன்னீரும் மணக்க, கறுத்துப் பளபளத்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரனிடம் அல்வாவை நீட்டுவது சாதாரண விஷயம் இல்லை. வாயில் போட்டேன். நெய் நம் ஊர் அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் வழுக்கிக்கொண்டு போனதில் குறை சொல்ல முடியாது.

"எப்படி?" என்றார்.

"எங்கள் ஊர் அல்வாவுக்கு அடுத்தது" என்றேன்.

"உலகத்தில் இதற்கு அடுத்தது என்றுதான் மற்றதைச் சொல்வார்கள்" என்றார், கோபமே இல்லாமல். மைதானம் வரும்வரை அல்வாவைப் பற்றித்தான் பேசினோம்.

இறங்கியதும் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. மீரானைத் தேடினேன், காணவில்லை. கல்ஃபானின் கையில் டிக்கெட் கட்டு இருந்தது. ஒன்றை உருவி என் கையில் திணித்தார். "யல்லா, யல்லா" என்றார். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம்.

புல்லைப் பார்த்து அப்படியே அசந்துபோனேன். இவ்வளவு நேரம் மணலும் கான்கிரீட்டும் பார்த்த கண்ணுக்கு, அது தாமிரபரணிக் கரையின் நாற்றங்காலை விரித்துப் போட்டது போல இருந்தது. அதில் லயித்திருந்தபோது மீரான் போனில் வந்தான்.

"எங்கல இருக்க? கேட்டுல நின்னு கால் கடுக்குது!"

"நான் உள்ள வந்து உக்காந்துட்டேன்லா."

"டிக்கெட் இல்லாமயா?"

"பஸ்ஸுல குடுத்தாங்க. நல்ல மனுசங்க. அல்வா எல்லாம் குடுத்தாங்க."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "தலையில தொப்பி வச்சிருக்காங்களா?"

"எனக்கும் ஒன்னு வச்சுவிட்டுருக்காங்க. கொடியும் குடுத்துருக்காங்க."

"எந்திரிச்சு கொடிய ஆட்டு."

எழுந்து ஆட்டினேன். மைதானத்தின் மறுகரையில், வெள்ளை உடைகளின் நடுவே, ஒரு கை தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. மீரானாகத்தான் இருக்க வேண்டும்.

"ஓமன்காரன் பஸ்ஸுலல்லால ஏறியிருக்க, பாவி! எங்க கொடியில கறுப்பும் இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல? ஆயுசு முழுக்க மத்தவன எறக்கிவிட்டியே, ஒனக்குப் பெட்டி பாத்து ஏறத் தெரியலியே!"

பஸ்ஸில் பாடியது உமா இல்லை, ஓமனின் அரபிப் பெயரான உமான் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் போனை வைத்த பிறகு வேறொன்று உறைத்தது. அமீரகம் தோற்க வேண்டும் என்று வந்தவன் நான். சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முருகன் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு இருக்கையும் ஒதுக்கியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நான் பின்வாங்கவில்லை. விசில் ஊதியது முதல் ஓமனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். சிவப்புச் சட்டைக்காரன் பந்தை எடுத்தால் எழுந்தேன், விட்டால் உட்கார்ந்தேன். இடைவேளைக்குச் சற்று முன்பு ஓமன் கோல் போட்டது. கல்ஃபான் என்னைக் கட்டிப் பிடித்தார். முன் வரிசைக்காரர் கட்டிப் பிடித்தார். பின் வரிசையிலிருந்து யாரோ கழுத்தோடு கட்டிப் பிடித்தார். படம் பிடிப்பவர் ஒருவர் கேமராவைச் சரியாக என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் கொடியை முத்தமிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். எதிர்ப்பக்கத்தில் கொட்டுச் சத்தம் நின்றிருந்தது. அதுவரை விடாமல் வந்துகொண்டிருந்த சத்தம். மீரானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சபியாவின் கல்யாணம் கூடிவிடும், ரஹ்மத்திடம் கொடுத்த வாக்கு நிறைவேறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதல் முதலாகத் தன்னைக் கட்டிப் பிடித்த இடம் என்று நிழலில் நின்று அவன் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் ஓடியது.

இரண்டாவது பாதியில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு தனியே பிய்த்துக்கொண்டு ஓடினான். எதிரே கோல் காவலன் மட்டும்தான். எனக்கு எப்படி நடந்தது என்று தெரியாது. நாற்காலிமேல் நின்றிருந்தேன். "அடில! அடிச்சுத் தொலையேம்ல!" என்று என் குரல் கேட்டது. அவன் அடித்துத் தொலைத்தான். வலை குலுங்கியது. எதிர்ப்பக்கம் வெடித்தது. எங்கள் பக்கம் முழுவதும் தலையைக் கவிழ்த்திருக்க, ஓமன் தொப்பியோடு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான்.

வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து இறங்கினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கல்ஃபான் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?"

"பள்ளிக்கூட நண்பன். கொட்டடிக்கிறான்."

எதிர்ப்பக்கத்துக் கொட்டு மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் கேட்டார். "தாளம் தப்புகிறது" என்றார். பிறகு தொப்பியை வாங்கி மீண்டும் என் தலையில் வைத்தார். "கலாஸ், போதும் விடு. நண்பனுக்குக் கத்தலாம். ஆனால் மெதுவாகக் கத்து. பக்கத்தில் எல்லாரும் துக்கத்தில் இருக்கிறார்கள்."

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அமீரகம் இன்னொன்றும் போட்டது. நான் மெதுவாகக் கத்தினேன்.

வெளியே வந்ததும் கல்ஃபான், பஸ்ஸில் இடம் இருக்கிறது, ஓமனுக்கு வா, நல்ல அல்வா தருகிறேன் என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மீரான் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். பிறகு கல்ஃபானைப் பார்த்துச் சலாம் சொன்னான். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கல்ஃபான் அரபியில் ஏதோ சொன்னார். மீரானின் முகம் மாறியது. தாளத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை ரோலாவில் டீக்கடை. மீரான் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் இரண்டாவது கோலை விளக்கிக்கொண்டிருந்தான். நான் தோற்றுப்போன தூதனாக ரஹ்மத்தைப் போனில் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"தொப்பி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. நானும் சபியாவும் டீவில பாத்தோம். கொடிக்கு முத்தம் வேற" என்று முதலில் என்னைத் தீர்த்துவிட்டு, கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, மாப்புள போன் பண்ணுனாரு. அடுத்த மேட்சு குவைத்துகூடயாமே? ஃபஹாஹீல்லேருந்து எல்லாரும் போறாங்களாம். அதனால இந்த வாரம் மட்டுந்தான் ஊருக்கு வர முடியுமாம். மேட்சுக்கு முன்னாடி திரும்பிரணுமாம். கல்யாணத்தையும் அதுக்கப்புறம் வச்சுக்கலாமான்னு கேக்குறாரு."

மீரான் டீயைக் கீழே வைத்தான்.

"என்னது? கல்யாணத்தவிட அவனுக்குப் பந்து பெருசா?"

நான் என் டீயை ஊதிக் குடித்தேன்.

"பொறுப்புள்ள பய பேசுற பேச்சா இது? எம் மவள இப்புடி ஒருத்தனுக்கா குடுக்குறது? நம்ம ஊரு வழக்கப்படி நாளைக்குப் பொண்ணு வீட்டோட, நம்ம வீட்டுல வந்து இருக்கப்போறவன். ராவும் பகலும் டீவி முன்னாடி உக்காந்துட்டான்னா? அதுவும் குவைத்துக்குக் கை தட்டிக்கிட்டு!" என்னைப் பார்த்துத் திரும்பினான். "நடராசா, டிக்கெட் போடுல. நேர்ல போயி நாலு வார்த்த கேக்கணும்."

ரஹ்மத் அவசரமாகப் போனை வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான் இருக்கும்.

இப்படியாக மீரானை நான் ஊருக்குக் கூட்டிவந்தேன். விமானத்தில் வழியெல்லாம் கேட்க வேண்டிய நாலு வார்த்தையை ஒத்திகை பார்த்தபடியே வந்தான். காயல்பட்டினத்து வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். ஒல்லியான, அமைதியான பையன். மீரான் தொண்டையைக் கனைத்தான்.

"தம்பி, பந்துல ரொம்ப ஆர்வம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா மாமா. ஓமன் மேட்ச் பாத்தேன். ஒங்க எடது பக்கத்து ஆளு மேல ஏறிப் போறான், திரும்பி வரவே மாட்டேங்குறான். அந்த வழியாத்தான் கோல் விழுந்துச்சு. எங்காளுங்க அங்கதான் அடிப்பாங்க."

மீரான் அவனையே பார்த்தான். "அதத்தானப்பா நானும் கொட்டடிக்கிறவங்ககிட்ட ஒரு வருசமாச் சொல்லுதேன்! ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்குது!"

அவ்வளவுதான். வட்டிலப்பக் கிண்ணம் கோல் கம்பமானது, முந்திரிப் பருப்புகள் ஆட்டக்காரர்களானார்கள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ரஹ்மத்தோடு உட்கார்ந்து தாங்களே பேசி முடித்தார்கள். வெளியே வந்து நாளைச் சொன்னார்கள். மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் பையிலிருந்து போனை எடுத்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சபியாவின் குரல் வந்தது. "அன்னைக்கு மேட்ச் ஒன்னும் இல்ல வாப்பா. நான் பாத்துட்டுத்தான் நாளச் சொன்னேன்."